நாலு குடும்பம், மூன்று மோட்டர்ஹோம், பத்து இரவு: பிரான்ஸின் கரையோரம் போக நினைப்பவர்களுக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். லண்டனில் இருக்கிற நாலு குடும்பம், மொத்தம் பதினைந்து பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வர இருக்கிற அம்மம்மாவும் அதில் அடக்கம். ஆகச் சின்னப் பிள்ளைக்கு ஆறு வயது. ஓகஸ்ட் தொடக்கத்தில் மூன்று மோட்டர்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கிற வாகனம்) வாடகைக்கு எடுத்து, கலேயில் இறங்கி, டியெப், எத்ரெத்தா, ஒன்ஃப்ளர், 1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய டி-டே கடற்கரைகள், மோன் சென் மிஷேல், சென் மாலோ, கர்னாக், லா ரொஷேல், போர்தோ என்று கரையோரமாகப் போய், திரும்பும் வழியில் பிள்ளைகளுக்காக டிஸ்னிலாண்ட். பத்து இரவு. "இது சரிவருமா? எங்கே எங்கே நிற்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பட்டியல் சரிவராது. கலேயிலிருந்து போர்தோவுக்கு நேர்பாதையே ஏறக்குறைய 870 கிலோமீற்றர். கரையோரம் வளைந்து வளைந்து போய், பாரிஸ் பக்கம் ஏறித் திரும்பினால் 2,000 கிலோமீற்றரைத் தாண்டும். காரில் இளம்பெடியள் நாலு பேர் போனால் ஒரு கதை. மூன்று மோட்டர்ஹோமில் பதினைந்து பேர் என்றால் காலையில் எல்லோரும் குளித்து, சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பி, கழிவறைப் பெட்டியைக் காலி செய்து, அலுமாரிக் கதவுகளைப் பூட்டிப் புறப்படவே பத்தரை, பதினொன்று ஆகும். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னர் அடுத்த இடத்தில் போய் நிற்கவும் வேண்டும். நடுவில் கிடைப்பது ஆறு மணித்தியாலம். அதில் ஓட்டமும் அடக்கம்.

கூட்டமாகப் போகிறவர்கள் எந்த இடத்தைப் பார்ப்பது என்பதிலிருந்து திட்டம் போடுகிறார்கள். என் கருத்தில் இரவில் மூன்று வாகனமும் எங்கே ஒன்றாக நிற்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரவுகள் உறுதியாகிவிட்டால் பகல் தானாக அமையும். பகலில் ஒன்றாகத் திரியவே வேண்டாம். யுத்த நினைவிடம் பார்க்க விரும்புகிறவர் அங்கே போகட்டும், கடலில் குளிக்க விரும்புகிறவர் குளிக்கட்டும், சமையலுக்கு நிற்கிறவர் நிற்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் போதும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் லா ரொஷேல், போர்தோ, டிஸ்னிலாண்ட் மூன்றையும் வெட்டவேண்டும். டியெப், எத்ரெத்தாவையும் விடலாம். எத்ரெத்தாவின் வெள்ளைப் பாறை வளைவு உண்மையிலேயே வடிவானதுதான். ஆனால் ஓகஸ்டில் அந்தச் சின்ன ஊருக்குள் ஏழு மீற்றர் நீள வாகனத்துக்கு இடம் தேடுவது அன்றைய நாளைத் தின்றுவிடும். கலேயையும் விடுங்கள். போர்ட்ஸ்மவுத்திலிருந்து விஸ்திரெஹாமுக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. கான் நகரத்தின் துறைமுகம் அது. ஓட்டம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம், விடியும்போது டி-டே கடற்கரைகளின் வாசலில் இறங்குவீர்கள். திரும்பும்போது சென் மாலோவிலிருந்து போர்ட்ஸ்மவுத்துக்குப் பகல் கப்பல். கப்பலுக்குக் கூடக் கொடுக்கிற காசில் ஒரு பகுதி டீசலிலும் சாலைச் சுங்கத்திலும் திரும்பிவரும். ஏனென்றால் கானிலிருந்து ரென் நகரத்துக்குப் போகும் ஏ84 நெடுஞ்சாலைக்குச் சுங்கம் இல்லை, பிரிட்டனி மாகாணம் முழுவதிலுமே சுங்கச் சாலை கிடையாது. கப்பல் ஓடும்போது வாகனத் தளத்துக்குப் போகவிடமாட்டார்கள், ஆகவே மோட்டர்ஹோமில் படுக்க முடியாது. பதினைந்து பேருக்கும் அறையோ சாய்கதிரையோ சேர்த்தே பதியுங்கள்.

கப்பலில் ஓர் இரவு, டி-டே கடற்கரைகளுக்குக் கிட்ட இருக்கிற பயூ பக்கம் மூன்று, மோன் சென் மிஷேல் அருகே ஒன்று, கர்னாக்கில் மூன்று, கடைசியில் சென் மாலோவில் இரண்டு. இதுதான் நான் சொல்லும் பத்து. அதிக ஓட்டம் மோன் சென் மிஷேலிலிருந்து கர்னாக் வரை, 200 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மற்ற நாட்களில் அவ்வளவு இல்லை.

இடங்களுக்குப் போக முன்னர் வாகனத்தைப் பற்றிக் கதைக்கவேண்டும், ஏனென்றால் வாடகைக்கு எடுக்கிற நம் சனம் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "ஆறு பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் இருந்தால் ஆறு பேர் இருந்து போகலாம் என்று அர்த்தம் இல்லை. சில வாகனங்களில் ஆறு படுக்கை இருக்கும், பெல்ட் உள்ள இருக்கை நாலுதான் இருக்கும். பதிய முன்னர் பெல்ட் எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்தது நிறை. உங்கள் கூட்டத்தில் 1997 ஜனவரி 1-க்கு முன்னர் இங்கிலாந்தில் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு சி1 பிரிவு தானாகவே இருக்கும், 7.5 தொன் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு எடுத்தவர்களுக்கு 3.5 தொன்தான் எல்லை. வாடகை வாகனங்கள் பெரும்பாலும் அந்த 3,500 கிலோவுக்குள் வருவதாகவே செய்திருப்பார்கள். ஆனால் வெறும் வாகனமே 3,000 கிலோவைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சாரதி தவிர நாலு பேர், 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ, மடக்குக் கதிரைகள், துணிமணி, அதற்குமேல் யாரோ ஒரு சித்தி ஏற்றிய இருபது கிலோ அரிசி மூட்டை. எல்லை தாண்டுவது தெரியாமலே தாண்டிவிடும். தண்ணீரைப் பாதியளவு மட்டும் நிரப்பி ஓடுங்கள், அரிசியை அங்கே வாங்குங்கள். உயரமும் முக்கியம். மூன்று மீற்றருக்குக் கீழே, 3.5 தொன்னுக்குள் என்றால் பிரெஞ்சுச் சுங்கத்தில் இரண்டாம் வகுப்பு. மூன்று மீற்றரைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு, காசு கூட. சாரதிக்கு மேலே படுக்கை உள்ள வாகனங்கள் பல மூன்று மீற்றரைத் தாண்டும். நான் சொல்லும் பாதையில் சுங்கம் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். கடற்கரைத் தரிப்பிடங்களின் வாசலில் இரண்டு மீற்றரில் குறுக்கே கம்பி போட்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால் மூன்றாவது மோட்டர்ஹோமே வேண்டாம். இரண்டு மோட்டர்ஹோமும் ஏழு பேர் இருக்கும் ஒரு காரும் எடுங்கள். காரில் வருகிறவர்களுக்கு அதே காம்பிங்கில் (காசு கட்டி முகாமிடும் இடம்) மொபைல்ஹோம் என்கிற நகராத சின்ன வீடு வாடகைக்குக் கிடைக்கும், உண்மையான கட்டிலும் குளியலறையும் இருக்கும். அம்மம்மா அங்கே படுப்பா. ஏணியில் ஏறவேண்டியதில்லை, இரவில் கழிவறைக்கு எழும்பினால் நாலு பேரைத் தாண்டிப் போகவேண்டியதும் இல்லை. பகலில் கடைக்கோ மருந்தகத்துக்கோ போக, நிறுத்திப் பூட்டிய மோட்டர்ஹோமைக் கிளப்பவும் தேவையில்லை. உச்ச வாரங்களில் மொபைல்ஹோம்களைச் சனி முதல் சனி வரைதான் பெரும்பாலும் கொடுப்பார்கள், மாதக் கடைசியில் இந்தப் பிடி இளகும். இதனாலும் உங்கள் பயணத்தை ஓகஸ்ட் 20-க்குப் பிறகு தள்ளச் சொல்கிறேன். பிரான்ஸில் பள்ளிக்கூடம் செப்டெம்பர் முதல் நாட்களில் தொடங்கும், சனம் அதற்கு முன்னரே வீடு திரும்பிவிடும். ஓகஸ்ட் 15 அங்கே பொது விடுமுறை, அந்த வாரம் தெருவில் இறங்கவே யோசிக்கவேண்டும்.

இரவில் நிற்பதற்கு "ஏர்" என்கிற மோட்டர்ஹோம் தரிப்பிடங்கள் பிரான்ஸ் முழுவதும் உண்டு. நகரசபைகளே நடத்துபவை பல. தண்ணீர் எடுக்கலாம், அழுக்குத் தண்ணீர் விடலாம், மலிவு. தனிக் குடும்பத்துக்கு இது வரப்பிரசாதம், மூன்று வாகனத்துக்கு ஓகஸ்டில் சூதாட்டம். பெரும்பாலானவற்றில் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கே இடம். பிந்தி வந்தால் ஒரு வாகனம் உள்ளே, இரண்டு வெளியே. அதோடு ஏரில் கதிரை மேசை போட்டு, பந்தல் விரித்து, அடுப்பு மூட்டிச் சமைப்பது வழக்கமில்லை, பல இடங்களில் தடையும்கூட. அது வாகனம் தரிக்கும் இடம், முகாம் அடிக்கும் இடம் அல்ல. நம் ஆட்கள் பதினைந்து பேர் கூடிச் சத்தமில்லாமல் சாப்பிட்ட வரலாறு இல்லை. பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓர் இரவு இலவசமாக நிற்கவிடும் பிரான்ஸ் பாஸியோன் என்ற உறுப்பினர் திட்டம் நல்லதுதான், ஆனால் ஒரு தோட்டத்தில் சில வாகனங்களுக்குத்தான் இடம் இருக்கும். ஆகவே உங்களுக்குக் காம்பிங்தான். நகரசபை நடத்தும் காம்பிங்குகள் எளிமையானவை, விலை நியாயம். பதியும்போது மூன்று இடமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மோன் சென் மிஷேலில் மட்டும் ஓர் இரவு என்பதால் வேறு மாதிரி, அதைக் கீழே சொல்கிறேன்.

காம்பிங் மின்சாரம் பற்றி ஒரு சொல். பல இடங்களில் ஒரு வாகனத்துக்கு 6 அம்பியர்தான், அதாவது 1,400 வாட்டுக்குள். லண்டன் வீட்டிலிருந்து 3,000 வாட் கேத்திலைக் கொண்டுபோய்ச் செருகினால் அந்த வரிசைக்கே விளக்கு அணையும். றைஸ் குக்கர் தனியே ஓடும், மிக்ஸி தனியே ஓடும், இரண்டும் சேர்ந்தால் சந்தேகம். 10 அம்பியர் இடம் இருந்தால் கூடக் கொடுத்து எடுங்கள். இங்கிலாந்துச் சமையல் வாயுச் சிலிண்டரைப் பிரான்ஸில் மாற்ற முடியாது, புறப்படும்போதே முழுச் சிலிண்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுச் சாமான் விஷயத்தில் பிரெக்ஸிற்றுக்குப் பிறகு வந்த விதி பலருக்கு இன்னும் தெரியாது. இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. இரவு முழுக்கக் கிண்டிய ஆட்டிறைச்சிக் கறி, தயிர், நெய், சீஸ் சான்ட்விச் எல்லாம் அதில் வரும். பிடித்தால் எறிவார்கள். பச்சை மரக்கறி, பழங்கள், கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதிலிருந்து விலக்குப் பெற்ற பழங்கள் ஐந்து: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். தேங்காய்க்குத் தடையில்லை என்பதே நமக்குப் பாதி வெற்றி. மிளகாய்த்தூள், பருப்பு, அரிசி மாவுக்குப் பயமில்லை. இறைச்சியை அங்கே வாங்குவதில் கவலையே வேண்டாம். மோன் சென் மிஷேல் விரிகுடாவில் கடல் ஏறி வற்றும் உப்புப் புல்வெளிகளில் மேய்கிற ஆடு உலகறிந்த சரக்கு. விலை கூட, ஒரு நாளைக்கு வாங்கலாம். வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரருக்கு பிரிட்டனியின் கலெத் இருக்கிறது, கறுப்புக் கோதுமை மாவில் நம் தோசைபோல மெல்லியதாகச் சுடுவார்கள். ஆனால் "கொம்ப்ளேத்" என்று கேட்டால் உள்ளே பன்றி ஹாம் வைத்துத் தருவார்கள், முட்டையும் சீஸும் மட்டும் என்று சொல்லிக் கேளுங்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு பல சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு பின்னேரம் சுப்பர்மாக்கெட் பலதும் பூட்டு.

வீதியில் மூன்று வாகனமும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். முன்னால் போகிறவர் கண்ணாடியைப் பார்த்தே களைத்துப்போவார், பின்னால் வருகிறவர் மஞ்சள் விளக்கில் பாய்வார். பிரெஞ்சுச் சட்டமும் இதற்கு இடம் தராது. ஊருக்கு வெளியே, ஏழு மீற்றருக்கு மேல் நீளமான அல்லது 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்கள் ஒரே வேகத்தில் அடுத்தடுத்து ஓடினால் நடுவே 50 மீற்றராவது விடவேண்டும். முகவரியை வொட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அவரவர் நேரத்தில் புறப்படுங்கள். மற்றக் காரியங்கள் பழகினால் வரும். ஸ்டியரிங் வலப்பக்கம், ஓடுவது வீதியின் வலப்பக்கம், ஆகவே முந்திச் செல்லப் பக்கத்தில் இருப்பவரின் கண் வேண்டும். ரவுண்டபவுட் எதிர்ப்பக்கம் சுற்றும். சின்ன ஊர்களில் பலகை இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதலிடம். இது தெரியாமல் பலர் இடிபடுகிறார்கள். ஊருக்குள் 50, சாதாரண வீதியில் பெரும்பாலும் 80. முக்கோணமும் மஞ்சள் சட்டையும் கட்டாயம். வாடகை வாகனத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வி.ஈ. 103 என்ற பத்திரத்தை வாடகைக் கம்பனி தரவேண்டும், அது இல்லாமல் கப்பலடிக்குப் போகாதீர்கள்.

இனி இடங்கள். பயூவில் எல்லோரும் தேடுவது அந்தத் துணிச் சித்திரத்தை. கிட்டத்தட்ட 70 மீற்றர் நீளம், 1066-ல் நோர்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையை ஊசியும் நூலுமாகச் சொல்வது. ஆனால் அதன் அருங்காட்சியகத்தைப் புதுப்பிப்பதற்காக 2025 செப்டெம்பரில் மூடினார்கள், 2027-ல் திறப்பதாகத் திட்டம். 2026 செப்டெம்பரிலிருந்து 2027 ஜூலை வரை அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் என்று இரு அரசுகளும் அறிவித்திருக்கின்றன. நீங்கள் கடல் கடந்து போய்ப் பார்க்க நினைப்பது உங்கள் வீட்டுக்கு ரியூப் தூரத்தில் வருகிறது. பயூவில் அது இல்லையென்றாலும் பொதுநலவாய யுத்தக் கல்லறையைப் பாருங்கள். 4,600-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம். எதிரே காணாமல்போனவர்களின் நினைவுமண்டபத்தின் நெற்றியில் லத்தீனில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது. வில்லியத்தால் வெல்லப்பட்ட நாங்கள், வென்றவனின் தாய்நாட்டை விடுவித்தோம் என்று பொருள். பதினாறு வயதுப் பெடியளுக்கு 1066-ஐயும் 1944-ஐயும் ஒரே வரியில் சொல்லிக்கொடுக்க வேறு இடம் தேவையில்லை.

அரொமான்ஷில் கடல் வற்றும் நேரத்தில் போங்கள். இங்கிலாந்தில் துண்டு துண்டாகக் கட்டி, 1944 ஜூனில் கடலில் இழுத்துவந்து பொருத்திய செயற்கைத் துறைமுகத்தின் கொங்கிறீற்றுப் பெட்டிகள் இன்றும் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. பிள்ளைகள் கிட்டப் போய்த் தொடலாம். இதேபோல ஒமாஹா கடற்கரையில் போட்ட இன்னொன்று சில நாட்களிலேயே புயலில் சிதைந்தது. லோங் சூர் மேரில் ஜேர்மன் பீரங்கிகள் கொங்கிறீற்றுக் கூட்டுக்குள் இன்னும் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் இல்லை. கொல்வில் அமெரிக்கக் கல்லறையில் வெள்ளைச் சிலுவைகளும் தாவீதின் நட்சத்திரங்களுமாக 9,380-க்கும் மேல். வேர் சூர் மேரில் பிரித்தானிய நினைவிடம் 2021-ல்தான் திறந்தது, 22,442 பேரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். கல்லறையில் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிய முடியாது, மூன்றாவது கல்லறையில் அவர்களை அடக்கவும் முடியாது. ஒரு நாள் இரண்டு இடம், பின்னேரம் கடல், அது போதும்.

கடல் நடுவே குன்றின்மேல் மடாலயம் நிற்கிற மோன் சென் மிஷேலுக்குள் வாகனம் போகாது. ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் தள்ளித் தரைப்பக்கத்தில் நிறுத்தவேண்டும். அங்கே மோட்டர்ஹோமுக்குத் தனித் தரிப்பிடம் இருக்கிறது, இரவும் நிற்கலாம், கட்டணம் கூடத்தான். இலவச பஸ் பாலத்தின் மேலாகக் குன்றுக்குக் கிட்டவரை கொண்டுபோகும். 2014-ல் திறந்த அந்தப் பாலம், முந்தி இருந்த மண்கரைப் பாதைக்குப் பதிலாக வந்தது. பழைய பாதை கடலோட்டத்தைத் தடுத்துக் குன்றைச் சுற்றி மணலைச் சேர்த்துவிட்டது. இப்போது கடல் பெரிதாக ஏறும் நாட்களில் அது மறுபடி தீவாகும். பிரான்ஸில் கடலேற்றத்தின் பலத்தை 20 முதல் 120 வரை எண்ணில் போடுவார்கள், 110-ஐத் தாண்டும் நாட்கள்தான் பார்க்கவேண்டியவை. உங்கள் திகதிகளுக்கான அட்டவணையை இணையத்தில் பாருங்கள், ஒரு நாள் முன்பின் தள்ளினால் அதிர்ஷ்டம் அடிக்கலாம். காலை பதினொன்று முதல் பின்னேரம் நாலு வரை அந்த ஒற்றைத் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஆகவே பகலில் வந்து வாகனத்தை நிறுத்தி நித்திரை கொள்ளுங்கள், ஐந்து மணிக்குமேல் உள்ளே போங்கள், மறுநாள் விடியற்காலையில் மடாலயத்துக்கு ஏறுங்கள். ரிக்கற்றை முன்கூட்டி எடுங்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அவ்ரான்ஷ் ஆயர் ஓபேர் 708-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில், பிறகு மடாலயம், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1863 வரை சிறை. அம்மம்மாவுக்கு மேலே ஏறுவது கஷ்டம், 350 படி இருக்கும். பஸ்ஸில் பாலம்வரை வந்து கீழ்த்தெருவில் கோப்பி குடிப்பது அவவுக்குப் போதும். மணல்வெளியில் வழிகாட்டி இல்லாமல் யாரும் நடக்கவேண்டாம். புதைமணலும் உண்டு, கடல் ஏறும் வேகமும் பயங்கரம்.

கர்னாக்கில் ஏறக்குறைய 3,000 நெடுங்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழையவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறின. கோடையில் கற்களுக்கு நடுவே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், இடம் முன்பதிவு செய்யவேண்டும். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்குக் காசில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும். கர்னாக்கை மூன்று இரவுக்குச் சொல்வது கல்லுக்காக அல்ல. ஆழமில்லாத நல்ல கடற்கரை, நிறையக் காம்பிங், பிறகு போர் லூயி.

இந்தப் போர் லூயிதான் உங்கள் பட்டியலில் இல்லாமல் போனதில் எனக்கு மனக்குறை. கர்னாக்கிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள், லொரியான் நகரத்துக்கு எதிரே கடல்வாயில் ஒரு கோட்டை. ஸ்பானியர் 1591-ல் தொடங்கியது. உள்ளே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1664-ல் அமைச்சர் கொல்பேர் கம்பனியைத் தொடங்க, 1666-ல் இந்தக் கடல்வாயில் கப்பல் கட்டும் துறை வந்தது, அதைச் சுற்றி எழும்பிய ஊர்தான் லொரியான். புதுச்சேரிக்குப் போன கப்பல்கள் இங்கிருந்து பாய் விரித்தன, சோழமண்டலக் கரையின் துணிகள் இங்கே வந்து இறங்கின. அந்தப் பருத்தித் துணிகளைக் கண்ணாடிக்குள்ளே காணலாம். தமிழ்நாட்டு நெசவாளர் நெய்த துணி பிரெஞ்சுச் சீமாட்டிகளுக்குப் பைத்தியம் பிடிக்கவைத்து, கடைசியில் உள்நாட்டு நெசவைக் காக்க அரசு தடையே போட்டது. லொரியான் நகரமோ 1943-ல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் தரைமட்டமானது. இலக்காக இருந்த ஜேர்மன் நீர்மூழ்கித் தளம் மட்டும் தப்பி இன்றும் நிற்கிறது. ஓகஸ்ட் முற்பகுதியில் லொரியானில் பெரிய கெல்ற்றிக் இசைவிழா நடக்கும், அப்போது அந்தப் பக்கம் வாகனம் நகராது. பயணத்தைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இதைப் பார்த்துவிட்டு சென் மாலோ போனால் அந்த ஊர் வேறு மாதிரித் தெரியும். மதிலுக்குள் இருக்கிற கல்வீடுகள் பழசுபோல இருந்தாலும் 1944 ஓகஸ்டில் பெரும்பகுதி எரிந்து இடிந்து, பிறகு பழைய தோற்றத்திலேயே கட்டியெழுப்பியவை. மதிலின் மேலே முழுச் சுற்றும் நடக்கலாம், காசில்லை. இந்த ஊரில் 1699-ல் பிறந்த மாஹே டி லா பூர்தொனேதான் 1746 செப்டெம்பரில் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப்பட்டினத்தைப் பிடித்தவர். பணம் வாங்கிக்கொண்டு கோட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் நினைக்க, புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. இருவரின் சண்டையையும் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார். நாடு திரும்பிய லா பூர்தொனேயை பஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். 1751-ல் குற்றமற்றவர் என்று விட்டார்கள், இரண்டே வருடத்தில் இறந்துபோனார். மதிலோரம் கடலைப் பார்த்துக் கை நீட்டி நிற்கும் சிலை வேறொருவருடையது. சுர்கூஃப், இதே ஊர்க்காரர், 1800-ல் வங்காள விரிகுடாவில் கெண்ட் என்ற ஆங்கிலக் கம்பனிக் கப்பலைத் தன் சின்னக் கப்பலால் பிடித்தவர். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போகிற உங்கள் பிள்ளைகளுக்கு இது கடற்கொள்ளை, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீரம். மதிலில் நடந்துகொண்டே வாதாட விடுங்கள்.

மதிலுக்கு அருகே மோட்டர்ஹோமைக் கொண்டுபோக எத்தனிக்கவேண்டாம், காம்பிங்கில் விட்டுவிட்டு நகர பஸ்ஸில் போங்கள். கடல் வற்றும்போது கிரான் பே தீவுக்கு நடந்துபோகலாம். ஏறத் தொடங்கினால் திரும்பும் பாதை மூடும், ஆறு மணித்தியாலம் அங்கேயே இருக்கவேண்டியதுதான். டினார் பக்கம் போகும் வீதி ரான்ஸ் ஆற்றின் குறுக்கே 1966-ல் கட்டிய கடலேற்ற மின்நிலையத்தின் மேலாகத்தான் போகிறது. 240 மெகாவாட், அந்த வகையில் உலகின் முதல் பெரிய நிலையம். பக்கத்து ஊரான கன்காலில் சிப்பி மலிவு, தின்னத் தெரிந்தவர்கள் போகட்டும்.

காசு விஷயத்தை ஒருவர் கையில் கொடுங்கள். கப்பல், காம்பிங், பொதுச் சமையல் மூன்றும் பொதுப் பணத்திலிருந்து, மிச்சமெல்லாம் அவரவர் செலவு. வாகனத்தின் வாடகையையும் வைப்புப் பணத்தையும் அந்தந்த வாகனத்தில் போகிறவர்களே பொறுப்பெடுக்கட்டும். கீறல் விழுந்தால் நாலு குடும்பமும் பங்கிடுவது என்று தொடங்கினால் லண்டன் திரும்பியபிறகு ஒரு குடும்பம் மற்றதோடு கதைக்காது.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அம்மம்மா விஷயம்தான் எல்லாவற்றிலும் அவசரம். இங்கிலாந்து வருகையாளர் விசாவில் பிரான்ஸுக்குள் போக முடியாது, அவவுக்குத் தனி ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும். அதை வழக்கமாக வசிக்கிற நாட்டிலேயே கேட்கவேண்டும் என்பது பொதுவிதி. லண்டனுக்கு வந்தபிறகு இங்கிருந்து விண்ணப்பித்தால் ஏன் ஊரில் செய்யவில்லை என்று விளக்கவேண்டி வரும், மறுக்கவும் கூடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். ஆகவே இங்கிலாந்து விசா கைக்கு வந்தவுடன், கொழும்பிலிருந்து புறப்பட முன்னர் அதையும் முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கூட்டத்தில் பிரித்தானிய பாஸ்போட் இல்லாமல் நிரந்தர வதிவிடத்தோடு மட்டும் இருக்கிற பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கதைதான், ஆனால் லண்டனிலேயே எடுக்கலாம். பிரித்தானிய பாஸ்போட்காரரும் தேதியைப் பாருங்கள். உள்ளே நுழையும் நாளில் அது கொடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது, வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். விரல் அடையாளமும் படமும் எடுக்கும் புதிய எல்லை முறை 2025 ஒக்டோபரில் தொடங்கிவிட்டது, பதினைந்து பேருக்கும் நேரம் எடுக்கும், துறைமுகத்துக்கு முந்தியே போய்விடுங்கள். விசாவுக்குத் தங்குமிடப் பதிவுகள் காட்டவேண்டும் என்பதால் கப்பலையும் காம்பிங்கையும் முதலில் பதியுங்கள். ரத்துச் செய்தால் காசு திரும்பும் வகையைத் தேர்ந்தெடுங்கள், வாகனத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.